முதல் ரயில் போய் நின்ற ஊர் ஆம்பூரா, அம்மூரா?

1 ஜூலை 2023, ஒரு வாசகர் கேள்வி

தேர்வுக்குப் படிக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எங்கே போய் நின்றது என்பதில்தான் குழப்பம். ஒன்றில் ஆம்பூர், இன்னொன்றில் வாலாஜா ரோடு, மூன்றாவதில் ஆற்காடு. எதை எழுதினால் மார்க் வரும்? வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்.

1 ஜூலை 2023, இரவு

வாலாஜா ரோடு. ஆற்காடு என்று எழுதினாலும் தப்பில்லை, அன்றைக்கு அந்த டேசனுக்கு வைத்த பெயரே ஆற்காடுதான். ஆம்பூர் மட்டும் தப்பு.

கணக்குப் போட்டாலே விளங்கும். முதல் பாதையின் நீளம் 63 மைல் என்று சொல்வார்கள். கிலோமீட்டரில் 101. சென்னை சென்ட்ரலிலிருந்து வாலாஜா ரோடு நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி வரும். காட்பாடி 130. ஆம்பூர் 180. அறுபத்து மூன்று மைலில் ஆம்பூருக்குப் போக முடியாது. ஆம்பூருக்குத் தண்டவாளம் நீண்டது பிற்பாடு. அப்படியே மேற்கே போய் 1862-ல் அரபிக்கடல் ஓரத்தைத் தொட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கிளை பிரிந்தது 1864-ல்.

2 ஜூலை 2023

நேற்று படுத்த பிறகுதான் உறைத்தது. ஆம்பூர் என்ற தப்பு எங்கிருந்து வந்திருக்கும்?

வாலாஜா ரோடு டேசன் இருப்பது வாலாஜாபேட்டையில் இல்லை. ஊருக்கு வடக்கே, அம்மூருக்குப் பக்கத்தில். எங்கள் ஆயாவுக்கு இன்றைக்கும் அது "அம்மூரு டேசன்". தாத்தா அந்தப் பகுதியில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். "உங்க தாத்தா அம்மூரு டேசனாண்ட கீறாரு, சோறு எத்துனு போ" என்று அனுப்பிய கதையெல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. ஆயா வாயில் வாலாஜா ரோடு என்ற சொல்லே வந்து நான் கேட்டதில்லை.

அம்மூரை ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தெரியாத ஒருவர் தமிழில் திருப்பும்போது ஆம்பூர் ஆகிவிடுகிறது. ஆம்பூர் ஊரறிந்த பெயர், பிரியாணி இருக்கிறது, தோல் ஷூ இருக்கிறது. அம்மூர் யாருக்குத் தெரியும்? இது என் கணிப்புதான். ஆனால் வேறு எப்படி யோசித்தாலும் எனக்குப் பொருந்தவில்லை.

இந்தத் தப்பு எனக்கு வலிக்கிறது. ராயபுரம் டேசனுக்குப் படம் இருக்கிறது, தூண் இருக்கிறது, வருசா வருசம் பத்திரிகையில் கட்டுரை வருகிறது. ஒரு தண்டவாளத்துக்கு இரண்டு முனை உண்டு. மறுமுனை நம்முடையது. அதன் பெயரையே மாற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

5 ஜூலை 2023

செங்குன்றத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். 1837-லேயே செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றி வர ஒரு தண்டவாளம் போட்டார்கள். அது கல்லுக்காகப் போட்டது. அதனால் "முதல் ரயில்" என்று மொட்டையாக எழுதாமல் "முதல் பயணிகள் ரயில்" என்று எழுதுவதுதான் நியாயம். கேள்வி கேட்ட தம்பி, இதையும் குறித்துக்கொள்.

நாடு முழுக்கப் பார்த்தால் 1853-ல் பம்பாய்-தாணே, 1854-ல் ஹௌரா-ஹூக்ளி, அடுத்தது நாம்.

9 ஜூலை 2023, ஞாயிறு

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகவே போய்விட்டேன். பேசிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

டேசனில் தேடிப் பார்த்தேன். பிளாட்பாரம், மஞ்சள் பலகை, டிக்கெட் கவுன்டர். எக்ஸ்பிரஸ் வண்டிகள் தூசி கிளப்பிக்கொண்டு போகின்றன. இங்கேதான் முதல் வண்டி வந்து நின்றது என்று ஒரு வரி எழுதிய பலகைகூட என் கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "1856-ஆ? அப்போ எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலம் சார்" என்றார். பிறகு அவரே, "ராயபுரத்துலேர்ந்து இங்கயா வந்துது? மெய்யாலுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது ஆளுக்கு டீ ஆற்றும்போது அவரே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு டேசனுக்குக் கிழக்கே, பாதையை ஒட்டிய வண்டித்தடத்தில் போனேன். ஒரு ஓடை. ஓடைக்கு மேல் செங்கல் வளைவு. குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேல் ஒரு முழம் இடம்தான் இருக்கும். செங்கல் சின்னது, இன்றைக்கு வருவதைவிட மெல்லிசு. சந்துகளில் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினேன், உதிரவே இல்லை. வளைவின் உச்சியில் தகைவிலான் குருவி மண்ணுருண்டை ஒட்டிக் கூடு கட்டியிருந்தது. உள்ளே நிற்கும்போது மேலே ஒரு வண்டி போனது. சத்தம் மேலேயிருந்து வருவதாகத் தெரியவில்லை, சுவர் வழியாக இறங்கிக் காலுக்குள் ஏறியது. கூட்டிலிருந்து இரண்டு மண் துகள் என் சட்டையில் விழுந்தது. குருவி அசையவில்லை.

இது 1856 கட்டு.

9 ஜூலை 2023, இரவு

ஆயாவிடம் படம் காட்டினேன். "இதாங் கல்வெட்டு. இதாண்டதான் உங்க தாத்தா மண்வெட்டி வெச்சிட்டு கொஞ்ச நேரம் ஒக்காருவாரு" என்றார்.

கல்வெட்டு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்து எங்கே என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். பிறகுதான் பிடிபட்டது. கேங்மேன்களும் ரோடு கான்ட்ராக்டர்களும் கல்வர்ட்டை, அதாவது பாதைக்கு அடியில் ஓடை போகக் கட்டும் சின்னப் பாலத்தைத்தான் கல்வெட்டு என்பார்கள். கல்லையும் வெட்டையும் சேர்த்து நம் ஆட்கள் அதைத் தமிழாக்கி ஐந்தாறு தலைமுறை ஆகியிருக்கும். தொல்லியல் படித்தவர்கள் எங்கள் பக்கம் வந்து "இங்கே கல்வெட்டு எங்கே இருக்கு?" என்று கேட்டால் நேராக ஓடைக்குள் இறக்கிவிடுவார்கள்.

10 ஜூலை 2023

இன்றைக்கு வேலூர்ப் புரட்சி நாள். 1806 ஜூலை 10. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததும் செய்தி போனது ஆற்காட்டுக்கு. அங்கே இருந்த குதிரைப் படையைக் கூட்டிக்கொண்டு வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி 16 மைல் பாய்ந்து வந்தான். அன்றைக்கு ஆற்காட்டுப் படைவீடு என்றாலே இந்த ராணிப்பேட்டைப் பக்கம்தான்.

அதே ஆற்காட்டுக்குச் சரியாக ஐம்பது வருசம் கழித்து, ஒன்பது நாள் முன்பின்னாக, ரயில் வருகிறது. வேலூரில் நடந்ததை மறக்காதவர்கள்தான் பாதையை இந்தத் திசையில் முதலில் போட்டார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அதற்கு என்னிடம் சான்று இல்லை, அதனால் அப்படிச் சொல்லவில்லை. தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது, அவ்வளவுதான்.

12 ஜூலை 2023

ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "இது 1856 கட்டு" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

பாலம் வேலையில் முப்பது வருசம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, வளைவுக்குள்ள குறுக்கே ஒரு கோடு இருந்துச்சா?" என்றார். நான் பார்க்கவில்லை. அவர் சொன்னது இது. முதலில் இந்தப் பாதை ஒற்றைப் பாதை. பிற்பாடுதான் இரட்டையானது. இரட்டையாக்கும்போது பழைய வளைவை இடிக்க மாட்டார்கள். அதன் பக்கத்திலேயே ஒட்டி இன்னொரு வளைவைக் கட்டி நீட்டிவிடுவார்கள். உள்ளே நின்று பார்த்தால் இரண்டும் சேர்ந்த இடம் தழும்பு மாதிரி தெரியும். ஒரு பக்கத்துச் செங்கல் வரிசை மறுபக்கத்து வரிசையோடு நேராக வராது. எந்தப் பக்கம் பழசு என்று கண்டுபிடித்தால்தான் வயசைப் பற்றிப் பேசவே முடியும் என்றார். அதற்கும் மேலே, வெள்ளத்தில் அடித்துப்போய் மறுபடி கட்டியதாகவும் இருக்கலாம்.

சின்னச் செங்கலையும் சுண்ணாம்பையும் பார்த்த சந்தோஷத்தில் தேதி போட்டுவிட்டேன். பழைய கட்டடத்தைப் பார்த்ததும் பிரிட்டிஷ் காலம், சோழர் காலம் என்று வாய்க்கு வந்த வருசத்தைச் சொல்வதுதான் நம் ஊர்களில் வரலாற்றைக் கெடுக்கிறது. அதையே நானும் செய்திருக்கிறேன்.

16 ஜூலை 2023, ஞாயிறு

மறுபடி போனேன். டார்ச்சும் டேப்பும் எடுத்துப் போனேன்.

கோடு இருக்கிறது. வடக்குப் பக்கத்திலிருந்து உள்ளே நாலு எட்டு வைத்தால் தழும்பு. தெற்குப் பாதியில் செங்கல் மெல்லிசு, வடக்குப் பாதியில் கொஞ்சம் தடி. சந்துப் பூச்சின் நிறமும் வேறு. தெற்கில் பாலாடை நிறம், வடக்கில் சாம்பல். குருவிக்கூடு இருப்பது தெற்குப் பாதியில். ஆக, தெற்குப் பாதி இரட்டைப் பாதைக்கு முந்தியது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுவே எனக்குப் பெரிசு.

வெளியே ஓடைக் கரையில் ஒரு நிலத்துக்காரரின் வேலி. அதில் ஒரு கம்பம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் தண்டவாளத் துண்டு. தலைகீழாக நட்டிருக்கிறார்கள். பழைய தண்டவாளங்களில் பக்கவாட்டில் எந்தக் கம்பெனி, எந்த வருசம் என்று எழுத்துகள் புடைத்து நிற்கும். தேங்காய் நார் வாங்கித் தேய்த்துச் சாக்பீஸ் பூசினேன். "18" தெரிந்தது. அடுத்த இரண்டு எண் துருவில் போய்விட்டது. எவ்வளவு தடவினாலும் வரவில்லை. விரலுக்கு மட்டும் ஏதோ ஒரு வளைவு தட்டுப்பட்டது, அது 6-ஆக இருக்கலாம், 8-ஆகவும் இருக்கலாம். நிலத்துக்காரரிடம் "இதை எடுத்துடாதீங்க அண்ணே" என்றேன். "நான் எதுக்கு எடுக்கறேன், எங்கப்பா நட்டது" என்றார்.

18 ஜூலை 2023

"வாலாஜா ரோடு என்றால் அது ரோட்டுக்குப் பெயரா?" என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி. ரயில்வேயில் டேசன் பெயருக்குப் பின்னால் "ரோடு" என்று வந்தால், ஊர் இங்கே இல்லை, இங்கே இறங்கி ரோடு பிடித்துப் போக வேண்டும் என்று அர்த்தம். ஆரணி ரோடும் அப்படித்தான். டேசன் களம்பூரில், ஆரணி எங்கேயோ. பெயரைப் பார்த்து மூட்டை முடிச்சோடு இறங்கித் திண்டாடியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

வாலாஜா ரோட்டின் பழைய பெயரை நினைத்தால் இன்னும் வேடிக்கை. ஆற்காடு என்று பெயர் வைத்தார்களே, அந்த ஆற்காடு பாலாற்றுக்குத் தெற்குக் கரையில் இருக்கிறது. பாதை முழுக்க வடக்கில். ஆற்காட்டுக்காரர் வண்டி ஏற வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி, ராணிப்பேட்டையைத் தாண்டி வர வேண்டும். வேலூருக்கும் அதே விதிதான். ஆறு நடுவில் நிற்க, பெரிய பாதை காட்பாடியோடு போய்விட்டது. வேலூர் கன்டோன்மென்ட்டுக்கு விழுப்புரத்திலிருந்து மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை வந்தது எத்தனையோ வருசம் கழித்து. பாலாற்றின் வடகரையும் தென்கரையும் எப்படி வேறு வேறாக வளர்ந்தன என்று யோசித்தால், மணலுக்கு நடுவில் பாலம் எங்கே விழுந்தது என்பதில் போய்த்தான் முடிகிறது.

23 ஜூலை 2023, ஞாயிறு

திருவலம்.

போன வாரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. 1856 பாதை வாலாஜா ரோட்டில் நின்றுவிடுகிறது. அதற்கு மேற்கே முகுந்தராயபுரம், அடுத்து திருவலம். இரண்டுக்கும் நடுவில் பொன்னையாறு. அதாவது முதல் வண்டி, பொன்னையைத் தாண்ட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருக்கிறது. அதனால்தான் அங்கே நிறுத்தினார்கள் என்று அடித்துச் சொல்லவில்லை (பன்னிரண்டாம் தேதி வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது). ஆனால் பொன்னையைக் கண்ணால் பார்த்தால் அந்த எண்ணம் வராமல் போகாது. கோடையில் வெறும் மணல். அகலத்தைப் பார்த்தால்தான் மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்று புரியும்.

ரயில் பாலத்தின் மேல் நடக்கவே கூடாது. ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அபராதமும் ஜெயிலும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், நடுப்பாலத்தில் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. எங்கள் தாத்தா தெரிந்தவர்களை அப்படி இழந்திருக்கிறார். பாலம் பார்க்க ஆசையுள்ளவர்கள் தண்ணீர் இல்லாத மாதத்தில் மணலில் இறங்கிக் கீழேயிருந்து பாருங்கள். பாலத்தின் அழகே கீழேயிருந்துதான் தெரியும். எத்தனை கண், ஒவ்வொரு தூணும் எப்படி நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கிறது, எந்தத் தூணில் எவ்வளவு உயரத்துக்கு வெள்ளக்கறை ஏறியிருக்கிறது என்று எல்லாம் படிக்கலாம்.

பக்கத்தில் ரோட்டுக்கு ஒரு இரும்புப் பாலம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தது. சின்ன வயசில் நைனாவோடு டவுன் பஸ்ஸில் போகும்போது அந்த இரும்புச் சட்டங்கள் ஜன்னலுக்கு வெளியே வெட்டி வெட்டி ஓடும். வெயில், நிழல், வெயில், நிழல் என்று முகத்தில் அடிக்கும். நைனா என் கண்ணைப் பொத்திவிட்டு "எண்ணு" என்பார். இமைக்குள்ளேயே சிவப்பும் கறுப்புமாக மாறுவதை வைத்து எண்ணுவேன். ஒரு தடவைகூட ஒரே எண் வந்ததில்லை.

வில்வநாதேசுவரரையும் பார்த்துவிட்டு வந்தேன். சம்பந்தர் பாடிய தலம். அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் எதிர்த்திசையில் திரும்பி இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு, ஆனால் ஆறு வழியை விட்டுக் கோயில் வழிக்குப் போனால் இந்த இழை முடியாது. இதே பொன்னைக் கரையில் மேல்பாடி இருக்கிறது, தன் பாட்டனான அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை (சமாதிக் கோயில்) இருக்கிறது. அதற்குத் தனி ஞாயிறு வேண்டும்.

24 ஜூலை 2023

பொன்னைப் பாலத்தைப் பற்றி எழுதிவிட்டு 2021-ஐச் சொல்லாமல் விட்டேன். அந்த வருசம் நவம்பரில் பாலாறு வந்ததை இங்கே இருக்கிற எல்லோரும் பார்த்தோம். மணலே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்று ஆற்றைப் பார்த்தார்கள். விரிஞ்சிபுரத்தில் தரைப்பாலம் போனது. டிசம்பர் 23 அன்று முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவில் இந்த ரயில் பாலத்தில் விரிசல் கண்டார்கள். வண்டிகள் ரத்து.

அன்றைக்கு நான் காட்பாடியில் இருந்தேன். பெரியம்மாவை மறுநாள் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் ஜனம் ஜனமாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம், பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு பெண் இடம் கொடுத்தார். நடுவழியில் பெரியம்மா கேட்டார், "ஒரு தூணு ஆடினா இத்தினி பேரு நிக்கணுமா?" அப்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது மணலில் நின்று அந்தத் தூண்களைப் பார்க்கும்போது, இத்தனை வருசம் இத்தனை பேரை ஒருநாளும் நிறுத்தாமல் தாங்கியதுதான் கண்ணில் படுகிறது.

இன்னொன்று. ஆற்றில் மணல் இருந்தவரை தூணின் கால் மணலுக்குள் புதைந்திருந்தது. மணலை அள்ள அள்ளப் படுகை இறங்குகிறது. வெள்ளம் வரும்போது தூணின் அடியை அரிக்கிறது. ஒரு பாலம் மேலேயிருந்து பலவீனமாவதைவிடக் கீழேயிருந்துதான் சீக்கிரம் பலவீனமாகும். பாலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் மணலைப் பற்றிப் பேச வேண்டும்.

6 ஆகஸ்ட் 2023

கிழக்கே போனேன். அரக்கோணத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் நடுவில் உள்ள சின்ன டேசன்கள்தான் எனக்கு உயிர். சித்தேரி, மகேந்திரவாடி, அன்வர்திகான்பேட்டை, சோளிங்கர், தலங்கை. பாசஞ்சர் வண்டியில் வாசற்படி ஓரம் உட்கார்ந்து இந்தப் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு போனால் தொண்டை மண்டலத்தின் ஆயிரத்து முந்நூறு வருசம் ஓடிவிடும்.

மகேந்திரவாடியில் இறங்கினேன். மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்த ஊர். மகேந்திர தடாகக் கரையில் மகேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டே சொல்கிறது (இது நிஜக் கல்வெட்டு, ஓடைக் கல்வெட்டு இல்லை). வெட்டவெளியில் தனிப் பாறையாக நிற்கிறது. பாலாற்றுக்கு 1850-களில் அணைக்கட்டு கட்டியபோது, அதிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் போனது. அதே வருசங்களில்தான் தண்டவாளமும் வந்தது. ஒரே காலத்தில் இந்தப் பக்கத்து மண்ணை இரண்டு வேலைக்காக வெட்டியிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்தான். ஒருவர் பெயரும் எங்கேயும் இல்லை.

7 ஆகஸ்ட் 2023

காவேரிப்பாக்கம் ஏரியைப் பல்லவர் காலம் என்று சொல்லவில்லையே என்று ஒருவர். ஆமாம், அது பல்லவர் ஏரி. அணைக்கட்டு அதற்குத் தண்ணீர் கொடுத்தது, ஏரியை உண்டாக்கவில்லை. நான் எழுதிய விதத்தில் குழப்பம் வந்திருக்கலாம்.

17 செப்டம்பர் 2023

ராணிப்பேட்டைக் கிளைப் பாதையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாலாஜா ரோட்டிலிருந்து ராணிப்பேட்டைக்குப் பிரியும் பாதை அது. அந்த ஊரில் 1906-லேயே பாரி கம்பெனியின் உரத் தொழிற்சாலை வந்துவிட்டது. நடந்தே போய் ஒரு பகுதியைப் பார்த்தேன். சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கிறது. பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டிருந்தார். "ரயில் வராதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "வந்தா சத்தம் கேக்கும்ல" என்றார். அதைவிடச் சரியான பதில் என்ன இருக்கிறது?

திண்டிவனம்-நகரி பாதை வந்தால் ஆற்காட்டுக்கு முதல்முறையாக நிஜமாகவே ரயில் வரும். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா, சோளிங்கர் என்று போகும் பாதை அது. 1856-ல் பெயரை மட்டும் கொடுத்தார்கள். வண்டியும் ஒருநாள் வரட்டும்.

10 டிசம்பர் 2023

புயல் மழை ஓய்ந்ததும் ஓடைக்குப் போனேன். வளைவுக்குள் இடுப்பளவு தண்ணீர் போய் வடிந்த கறை. தெற்குப் பாதி, வடக்குப் பாதி இரண்டும் அப்படியே இருக்கின்றன. உச்சியில் இருக்கும் குருவிக்கூட்டைத் தண்ணீர் எட்டவில்லை. கூடு காலி.

தண்டவாளக் கம்பம் இல்லை.

வேலிக்கு ஓரமாகக் குழாய் பதிக்க வந்த ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பிடுங்கி, வெல்டிங் வைத்து மூன்று துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நிலத்துக்காரர் ஊரில் இல்லாத நேரம். அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். "எங்கப்பா கையால நட்டது சார், வெலைக்குப் போட்டுட்டானுங்க" என்றார். குழியில் மழைத்தண்ணீர் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுதுகிறேன். உங்கள் ஊரில் வேலியிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிணற்றின் மேலோ தண்டவாளத் துண்டு இருந்தால் இன்றைக்கே எழுத்தைத் தேய்த்துப் படம் எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்று நான் "18"-ஐ மட்டும் படம் எடுத்தேன். அந்த வளைவு தட்டுப்பட்ட இடத்தை எடுக்கவில்லை. சாயந்திர வெயிலில், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அடுத்த எண் விழுந்திருக்கும்.

17 ஜனவரி 2024, காணும் பொங்கல்

ஆயாவைக் காரில் கூட்டிக்கொண்டு அம்மூர் டேசனுக்குப் போனேன். எண்பத்து நாலு வயசு. பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். இஞ்சினுக்குத் தண்ணி ஊத்துற கொழா அங்க இருந்துச்சு. கேங்மேனுங்க கூடம் அந்தாண்ட. அந்த வேப்பமரம் அப்பவும் இருந்துச்சு, இத்தினி பெரிசு இல்ல. இங்கதான் உங்க தாத்தா சோத்துத் தூக்கை வாங்கினு, "பையன் சாப்ட்டானா"ன்னு கேப்பாரு.

பையன் என்றால் என் நைனா.

முதல் வண்டி ராயபுரத்திலிருந்து இங்கேதான் வந்தது என்று சொன்னேன். "அப்பிடியா? அதான் உங்க தாத்தா இந்தத் தண்டவாளத்த மிதிக்காம தாண்டுவாரா?" என்றார். தாத்தாவுக்கு 1856 தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தண்டவாளத்தை மிதிக்காமல் தாண்டுவார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

3 மார்ச் 2024

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். தேர்வில் இந்தக் கேள்வியே வரவில்லையாம். ஆனால் தான் படிக்கும் கோச்சிங் வகுப்பில் ஆம்பூர் என்று அச்சான நோட்ஸில் பேனாவால் அடித்து அம்மூர், வாலாஜா ரோடு என்று திருத்தியிருக்கிறார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு அன்வர்திகான்பேட்டைப் பக்கம் போகிறேன். நவாப் அன்வருதீன் கானின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் 1749-ல் இறந்தது ஆம்பூர்ப் போரில், அது நிஜ ஆம்பூர். அங்கேயும் ஓடை வளைவுகள் இருக்கும் என்று நினைக்கிறேன். பாதையை ஒட்டி நிலம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், வளைவுக்குள் குறுக்குத் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்துச் செங்கல் மெல்லிசு என்றும் பாருங்கள். டேப் என்னிடம் இருக்கிறது.